மூன்றாம் அறையின் விசிறி நிற்காது

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் எங்கள் டாக்டரம்மாவின் கணவரே, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து பின்சுவரோரம் நிற்கும் என் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் படியில் உட்கார்ந்திருப்பவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். இல்லை, கேட்கப்போவதில்லை. ஓர் அறிவிப்பு மட்டும் செய்கிறேன். நான் பேசும்போது உங்கள் காதில் ஓர் இரைச்சல் விழுந்துகொண்டே இருக்கும். ஒலிபெருக்கியில் கோளாறு ஒன்றுமில்லை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மூன்றாம் வளர்ப்பறை. நம் டாக்டரம்மாவின் செடிகள் வளரும் அறை. அங்கே ஓடுகிற விசிறியின் சத்தம் அது. இந்த இரங்கல் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஏற்பாட்டாளர் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு மணி நேரந்தானே, அதைக் கொஞ்சம் அணைச்சு வைங்களேன்" என்றார். முடியாது என்றேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் செடி செத்துப்போகாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த அறையை அணைக்க இந்தக் கட்டடத்தில் சிலருக்கு ஆசை வந்திருக்கிறது. அந்தச் சுவிட்சில் முதலில் படுகிற கை என் கையாக இருக்காது.

நான் விஞ்ஞானி இல்லை. குளிர்சாதன மெக்கானிக். இருபத்தாறு வருடத்துக்கு முன்பு அந்த மூன்றாம் அறையின் கம்ப்ரசரைச் சரிசெய்ய வந்தேன். இரண்டு நாள் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள், "அந்த ரெண்டு நாள் முடிஞ்சுதா இல்லியா?" என்று. முடியவில்லை. இன்னும் இருபத்துமூன்று நாள் பாக்கி இருக்கிறது. அதைப் பேசத்தான் இங்கே நிற்கிறேன்.

யார் அந்த டாக்டரம்மா? அழைப்பிதழில் அவர் பட்டங்கள் எல்லாம் இரண்டு வரிக்கு அச்சாகியிருக்கின்றன. நாங்கள் அவரை அழைத்த பெயர் அதில் இல்லை. முக்கால் டாக்டர்! ஆம், யாரோ கேலியாக வைத்த பெயர்தான். எதை எடுத்துக்கொண்டு போய் நின்றாலும், உடைந்த பம்ப் ஆனாலும் சொதப்பிய சோதனை ஆனாலும், அவர் கேட்கும் முதல் கேள்வி, "நாலுல மூணு தேறுமா? தேறும்னா விடாதீங்க." அதனால் இவர் முழு டாக்டர் இல்லை, முக்கால்தான் என்று தேநீர் அறையில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவர் காதுக்கும் போனது. மறுநாள் காலையில் பார்த்தால், தன் கதவில் இருந்த பெயர்ப்பலகைக்குக் கீழே பென்சிலால் முக்கால் என்று அவரே எழுதிவைத்திருந்தார். அதற்கப்புறம் கேலி செய்தவர்களுக்குத்தான் அந்தப் பக்கம் போகக் கூச்சமாக இருந்தது.

அந்த நாலில் மூன்று எங்கிருந்து வந்தது? இலையிலிருந்து வந்தது. அவர் முப்பது வருடம் ஆராய்ந்த ஒளிச்சுவாசத்திலிருந்து வந்தது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பாதிக்காகச் சொல்கிறேன். பின்னால் நிற்கிறாரே, நமக்கு வாயு சிலிண்டர் கொண்டுவரும் வண்டி ஓட்டுநர், அவர்தான் ஒருநாள் மூச்சு வாங்க அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஏம்மா, காத்துல இல்லாத கரியமில வாயுவா? இந்தச் செடிக்கு மட்டும் நான் ஏன் சிலிண்டர் சிலிண்டரா தூக்கிட்டு வரணும்?"

வேறு யாராக இருந்தாலும் "போய் வண்டியை எடுங்க" என்றிருப்பார்கள். நம் முக்கால் டாக்டர் சிலிண்டர் தள்ளுவண்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இலைக்குள்ள ரூபிஸ்கோன்னு ஒருத்தன் இருக்கான். காத்துலேர்ந்து கரியமில வாயுவைப் புடிச்சு சர்க்கரைக்கு அடிப்போடுறது அவன் வேலை. ஊருக்கே சோறு போடுறவன் அவன்தான். ஆனா கண்ணு கொஞ்சம் மந்தம். மூணு நாலு வாட்டி சரியாப் புடிப்பான், ஒரு வாட்டி ஆக்சிஜனைப் புடிச்சுத் தொலைப்பான். வெயில் ஏற ஏறத் தப்பும் ஏறும்."

"தப்பாப் புடிச்சா என்னம்மா ஆகும்?"

"சரியாப் புடிச்சா மூணு கார்பன் இருக்குற துண்டு ரெண்டு கிடைக்கும். ரெண்டும் உருப்படி. தப்பாப் புடிச்சா ஒண்ணுதான் உருப்படி. இன்னொண்ணு ரெண்டே கார்பன். எதுக்கும் உதவாது. சும்மா கிடந்தாக்கூடப் பரவாயில்ல, சேரச் சேர மத்தவங்க வேலையையும் அடைச்சுக்கும்."

"அப்ப தூக்கிக் கடாச வேண்டியதுதானே?"

"அதாங்க கடாசாது!" என்று கையைத் தட்டினார். அந்தக் கைதட்டல் எனக்கு இப்போதும் கேட்கிறது.

ஆம், அவையோரே! இலை அதைத் தூக்கி எறிவதில்லை. அந்த உதவாத துண்டை, தப்பு நடந்த பசுங்கணிகத்திலிருந்து பக்கத்து அறைக்கு அனுப்புகிறது. பெராக்சிசோம் என்று அதற்குப் பெயர். அங்கே ஆக்சிஜன் ஏறுகிறது. ஏறும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அது செல்லையே அரிக்கக் கூடியது. அதை அந்த இடத்திலேயே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிட அங்கே ஒரு நொதி காத்திருக்கிறது. மிச்சமான துண்டு கிளைசின் ஆகிறது. கிளைசின் மூன்றாவது அறைக்கு, மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. அங்கே இரண்டு கிளைசின் சேர்ந்து ஒரு செரின் ஆகிறது. சேரும்போது ஒரு கரியமில வாயுவும் ஓர் அம்மோனியாவும் கழன்று வெளியே வருகின்றன. செரின் வந்த வழியே திரும்பி, கடைசியில் பசுங்கணிகத்துக்குள் உருப்படியான மூன்று கார்பன் துண்டாக நுழைகிறது. அம்மோனியாவையும் விடுவதில்லை, அதையும் பிடித்துத் திரும்பக் கட்டுகிறது. இத்தனைக்கும் செலவாகிற சக்தியைக் கொடுப்பது வெளிச்சம்.

கணக்குப் பாருங்கள். இரண்டு துண்டு, நான்கு கார்பன், தப்பான வழியில் போனது. மூன்று திரும்பி வந்தது. ஒன்று காற்றோடு போனது. நாலில் மூன்று! வழியில் கிடைத்த கிளைசினும் செரினும் புரதம் கட்டவும் உதவுகின்றன. தண்ணீர் இல்லாமல் இலைத்துளை மூடிக் கிடக்கும் உச்சி வெயிலில், இலை தாங்க முடியாத வெளிச்சத்தைச் செலவழித்து இலையைக் கருகாமல் காப்பதிலும் ஒளிச்சுவாசம் என்கிற இந்தச் சுற்றுவழிக்குப் பங்கு உண்டு. இதற்கா வீண் என்று பெயர்?

வீண் என்றுதான் பெயர் வைத்தார்கள். போன வருடம் ஆய்வுக் குழுக் கூட்டம் நடந்தபோது நான் அந்த அறையில் ஏணி மேல் இருந்தேன். ஏசி ஒழுகியது. ஏணி மேல் இருப்பவனுக்குக் காது இல்லை என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இயக்குநர் அவர்களே, நீங்கள் அன்று சொன்னதை உங்கள் முன்னாலேயே சொல்கிறேன், முதுகுக்குப் பின்னால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "பயிர் புடிச்ச கார்பன்ல கால்வாசி வரைக்கும் இதுல போகுது. உலகமே இந்த ஒளிச்சுவாசத்தை ஒழிக்கப் பாக்குது, நீங்க அதைக் கட்டிக் காப்பாத்துறீங்களே டாக்டர்?" என்றீர்கள். நியாயமான கேள்விதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் என்ன சொன்னார்?

"ஒழிங்க சார். நானும் கூட வந்து ஒழிக்கிறேன். குறுக்கு வழி போட்டு அந்த நாலாவது கார்பனையும் மீட்க முடிஞ்சா எனக்கு வலிக்குமா? ஆனா ஒழிக்கிறதுக்கு முன்னாடி, அது என்னென்ன வேலை பாக்குதுன்னு ஒருத்தர் உக்காந்து பாத்துடணும்ல? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துன கதையா ஆயிடக் கூடாதுல்ல?"

ஏணி மேலிருந்து நான் சிரித்துவிட்டேன். ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். இன்றைக்கும் அதே பார்வைதான் பார்க்கிறீர்கள், பரவாயில்லை.

அவர் எப்படி உட்கார்ந்து பார்த்தார்? அந்தச் சுற்றுவழியை ஒவ்வோர் இடத்தில் அறுத்துவிட்ட செடிகளை வளர்த்தார். நாற்பது தட்டு, நாற்பது வகை. வழி அறுந்த செடி, நாம் மூச்சுவிடும் இந்தச் சாதாரணக் காற்றில் வாழாது. ஐந்தாறு நாளில் மஞ்சளாகிச் சாகும். கரியமில வாயு நிறையக் கலந்த காற்றைக் கொடுத்தால், ஆக்சிஜன் முண்டியடித்து வர இடமிருக்காது, ரூபிஸ்கோவின் தப்பு குறைந்துவிடும், செடி பச்சையாக இருக்கும். அதற்குத்தான் சிலிண்டர். அந்தக் காற்றைத் தட்டுக்குத் தட்டு சுற்றிவிடத்தான் அந்த விசிறி. அந்த அறையைத் தவிர அவற்றுக்கு இந்த வளாகத்தில் வேறு இடம் கிடையாது.

இப்போது என் குற்றத்தைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது.

கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். அந்தத் திரவம் தீர்கிற வரைக்கும் மேலே மீட்டர் முள் அசையாமல் நிறைவாகவே காட்டும். ஆகவே முள்ளை நம்பக் கூடாது. சிலிண்டரைத் தராசில் ஏற்றி எடைபோட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? என் தொழில்! பத்தொன்பது வருடத்துக்கு முன், நான்கு நாள் தொடர் விடுமுறைக்கு முந்தின மாலை, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் முள்ளை மட்டும் பார்த்தேன். நிறைவாக நின்றது. கிளம்பிவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்காக மற்றவர்கள் சொன்னார்கள். நான் யானையும் இல்லை, அது சறுக்கலும் இல்லை. சோம்பல்.

ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன். நாற்பது தட்டும் மஞ்சள். அவருடைய பதினொரு வருட உழைப்பு அது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்தார், கையில் ஈரக் குடையோடு அப்படியே நின்றார். "என்னை வேலைய விட்டு அனுப்பிடுங்க டாக்டரம்மா" என்றேன்.

"அனுப்பிட்டா சிலிண்டரை யாரு மாத்துவா? எழுந்திருங்கண்ணே. முதல்ல வாயுவைத் திறங்க. அப்புறம் பென்சில் எடுங்க. எந்தத் தட்டு முழுக்க மஞ்சள், எது ஓரம் மட்டும் மஞ்சள், எந்த இலை முதல்ல போச்சு, எல்லாத்தையும் எழுதணும். இப்படி ஒரு சோதனையைத் திட்டம் போட்டுப் பண்ண எனக்கு மனசு வந்திருக்காது. நடந்துபோச்சு. விடாதீங்க."

என்னால் எழுத முடியவில்லை. கண் மறைத்தது. "அழுறதுன்னா எழுதிக்கிட்டே அழுங்கண்ணே" என்றார்.

எழுதிக்கொண்டே அழுதேன். அன்று நாங்கள் எழுதிய அந்தப் பட்டியல்தான், எந்த வகைச் செடிக்கு வழி எங்கே அறுந்தால் எவ்வளவு சீக்கிரம் சாகும் என்று காட்டிய பட்டியல். வாயு திரும்ப வந்ததும் சில செடிகள் தலை தூக்கின. பதினொரு நாள், இருவரும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினோம். இருபத்தொன்பது தட்டு பச்சைக்குத் திரும்பியது. நாற்பதில் நாலில் மூன்று என்றால் முப்பது. அவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு தட்டு குறையுதுண்ணே!"

அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு வாடிக்கை. வருடப் பிறப்புக்கு வாழ்த்துச் சொன்னால், "வாழ்த்து இருக்கட்டும், ஒரு தட்டு குறையுது." என் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய்க் கவரில் எழுதியதும் அதேதான். ஆனால் அது விளையாட்டு மட்டும் இல்லை. செத்த பதினொன்றில் பத்து வகைக்கு விதை இருப்பு இருந்தது, திரும்ப வளர்த்துவிட்டார். பதினேழாம் தட்டுக்கு மட்டும் விதை இல்லை. இரண்டு கிளைசின் செரினாகும் இடத்தில் வழி பாதியாக இறுகிப்போன செடி அது. முழுதாக அறுந்தவை நிறைய உண்டு. பாதியில் நின்றது அது ஒன்றுதான். பாதியில் நின்றால்தான் அந்த வழி எவ்வளவு வேண்டும், எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று அளக்க முடியும். அதை என் சோம்பல் கொன்றது. அவர் பத்தொன்பது வருடம் ஆயிரக்கணக்கான நாற்றுகளைச் சலித்து அதைத் தேடினார். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, "உங்களாலதானே" என்று சொன்னாரா? இல்லை!

அவர் செய்ததெல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு தராசை நிரந்தரமாகப் பதித்ததுதான். "முள்ளைப் பாக்காதீங்க, எடை போடுங்க" என்று சுவரில் எழுதிவைத்தார். அது எங்கெங்கேயோ போய் நின்றது. தன் மகளுக்கு வரன் வந்தபோது டாக்டரம்மாவின் கணவர், "பையன் தங்கமானவன்" என்றாராம். "முள்ளு நல்லாத்தான் காட்டுது, எடை போட்டீங்களா?" என்றாராம் இவர். மருமகன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். எடையில் தேறியவர், சிரிக்கலாம்.

போன வருடம், ஆய்வுக் குழுவில் வீண் என்று கேட்டுவிட்டு வந்த அதே மாதத்தில், பதினேழாம் தட்டு திரும்பக் கிடைத்தது. அதேபோல் வழி பாதியாக இறுகிய செடி. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த மாதம்தான் அது முதன்முதலாகக் காய் பிடித்திருக்கிறது. காய் பச்சையாக இருக்கிறது. விதை முற்ற இன்னும் இருபத்துமூன்று நாள் வேண்டும். மற்ற முப்பத்தொன்பது வகைக்கும் விதை எடுத்துவைத்தாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி.

மருத்துவமனையில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது மூக்கில் ஆக்சிஜன் குழாய். "காலமெல்லாம் ஆக்சிஜன் மேல புகார் சொல்லிட்டு இருந்தேன், கடைசியில அதுகிட்டயே என்னைக் கையேந்த வச்சுட்டாங்கண்ணே" என்றார். பிறகு, "காய் முத்திடுச்சா?" என்றார்.

"இன்னும் பச்சைதான் டாக்டரம்மா."

"நான் போறதுக்குள்ள முத்தாது. நீங்க ரிட்டயர் ஆகுறதுக்குள்ள முத்திடும். அது போதும்."

அவர் போய் நான்காம் நாள் மூன்றாம் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாத இறுதியோடு அறை மூடப்படும், கருத்தரங்கக் கூடமாக மாற்றப்படும் என்று. மாத இறுதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. ஒன்பதுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவே பதினான்கு நாள். பதினான்கே நாள்! ஒரு மனுஷி முப்பது வருடம் உழைத்த இடத்தில், பதினான்கு நாளுக்கு நாற்காலிகள் வெளியே காத்திருக்கக் கூடாதா? நாற்காலி மஞ்சளாகிவிடுமா?

இந்தக் கூட்டத்தின் இறுதியில் நிறைவேற்றப்போகிற தீர்மானத்தை எனக்கும் காட்டினார்கள். "ஈடுசெய்ய இயலாத இழப்பு" என்று போட்டிருக்கிறது. நல்ல சொல். எல்லோருக்கும் எழுதுகிற சொல். என் முக்கால் டாக்டருக்கு அது ஆகாது! அவர் இங்கே இருந்திருந்தால் பென்சிலை எடுத்து அதை அடித்திருப்பார். ஈடுசெய்ய முடியாதது நாலில் ஒன்று. அந்தச் சிரிப்பு, அந்தக் கைதட்டல், "எழுந்திருங்கண்ணே" என்ற அந்தக் குரல் போனது போனதுதான். அதற்காக நான் வீட்டில் அழுதேன், இன்னும் அழுவேன். மீதி மூன்று நம் கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, இழப்பு இழப்பு என்று தீர்மானம் போடுவதா?

ஆகவே நான் ஒரு தீர்மானம் சொல்கிறேன். மூன்றாம் அறையின் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. மாத இறுதியில் கேட்பீர்கள். தரமாட்டேன். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், எடுங்கள். ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கிற மெக்கானிக்கை எந்தத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவீர்கள்? சிலிண்டர் வண்டி ஓட்டுநரிடம் பேசிவிட்டேன். "அம்மா வேலை, நான் நிறுத்துவேனா?" என்றார். டாக்டரம்மாவின் மகள் ஒரு செவிலியர். வேலை முடிந்ததும் வந்து தராசைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் இதே மகள் அவரிடம் கேட்டதாம், "அந்த நாலாவது கார்பன் எங்கேம்மா போகும்?" என்று. "காத்துல போகும், எங்கியாவது இன்னொரு இலை புடிச்சுக்கும்" என்றாராம். பிடித்துக்கொண்டதா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

இயக்குநர் அவர்களே, உங்களோடு எனக்குப் பகை இல்லை. இருபத்துநான்காம் நாள் காலையில் அந்த விசிறியை நானே அணைக்கிறேன். அணைத்துவிட்டு, சாவியையும் ஒரு தட்டு விதையையும் எடுத்துக்கொண்டு நேராக உங்கள் அறைக்கு வருகிறேன். விதையை எடைபோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நாம் வாயை மூடினால் இந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதை நிறுத்தமாட்டோம் என்பவர்கள் மட்டும் என்னோடு நில்லுங்கள்.

எழுந்திருங்கண்ணே என்று அன்று அவர் என்னிடம் சொன்னார். நான் உங்களிடம் சொல்கிறேன். எழுந்திருங்கள்.